என் மகனின் ஃபைலில் இருக்கும் அந்த வரியை அடித்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய குழந்தை வளர்ச்சி மையத்தின் மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். என் மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியான அன்று நீங்கள் பொறுமையாகப் பேசியதை மறக்கவில்லை. ஆனால் அவன் ஃபைலில் உங்கள் ஆலோசகர் எழுதிய வரியை நீக்க வேண்டும்: "தாய் வேலைக்குச் செல்பவர். குழந்தையுடன் பிணைப்புக் குறைவு."

உங்கள் படிவத்தில் ஒரு பக்கம் முழுக்க எனக்கான கேள்விகள். கர்ப்பத்தில் மனக்கவலை இருந்ததா, எத்தனை மாதம் தாய்ப்பால், எப்போது வேலைக்குத் திரும்பினீர்கள். என் கணவருக்குப் பெயர், தொழில், வருமானம், அவ்வளவுதான். அந்த வரியை ஆலோசகர் வாசித்துக் காட்டியபோது மாமியாரும் பக்கத்தில் இருந்தார். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், "டாக்டரே சொல்லிட்டாங்க, இவ கூட இருந்திருந்தா புள்ள பேசியிருப்பான்" என்கிறார். வந்தவர்களுக்குக் காபி கொடுத்தபடியே அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். பையன் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

இந்தப் பழியின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. பெற்றோரின் அன்பு கிடைக்காமல் இந்தக் குழந்தைகள் குளிர்பதனப் பெட்டிக்குள் வளர்ந்தவர்கள் என்ற பொருளில் 1949இல் எழுதியவர், ஆட்டிசத்தை முதலில் விவரித்தவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் லியோ கானர். 1967இல், மனதின் ஆழத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வு வழியில் எழுதிய புரூனோ பெட்டல்ஹைம், இந்தக் குழந்தைகளின் நிலையை நாஜி வதைமுகாம் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டார். அதற்கு முன்பே, 1964இல், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லேண்ட் இது உடல் சார்ந்தது என்று வாதிட்டு நூல் எழுதிவிட்டார். 1969இல் கானரே பெற்றோர் கூட்டத்தில் நின்று, உங்கள் மேல் குற்றமில்லை என்றார். 1977இல் இரட்டையர் ஆய்வு மரபணுவின் பங்கைக் காட்டியது. கானரே கைவிட்டதை எங்கள் ஃபைலில் ஏன் எழுதுகிறீர்கள்?

தாயின் அரவணைப்பு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் குறையே இல்லாத தாய் வேண்டாம், போதுமான அளவு நல்ல தாய் போதும் என்று சொன்ன குழந்தை மருத்துவர் வினிகாட்டும் உளப்பகுப்பாய்வாளர்தானே? பிள்ளை இளைத்தால் அம்மா, மார்க் குறைந்தால் அம்மா, அடம்பிடித்தால் அம்மா. தேறி வந்தால் மட்டும் அப்பா பேரைக் காப்பாற்றிய பிள்ளை! இதை ஊர் சொன்னால் சகித்துக்கொள்ளலாம். படித்த நீங்களும் எழுதினால் நாங்கள் எங்கே போவது?

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். படிவத்தில் அப்பாவிடமும் அதே அளவு கேளுங்கள். அடுத்த முறை மாமியாரையும் அழைத்து வருகிறேன். ஆட்டிசத்துக்குத் தாயின் வளர்ப்பு காரணமல்ல என்று அவர் காதுபட, அதே அறையில், தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மையத்துக்கு வரும் ஒரு தாய்