காது இருக்கும் தட்டு

தங்கச்சிமடம்,
12.11.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். மழையும் காற்றுமாக இருப்பதால் நான்கு நாளாகப் படகுகள் கடலுக்குப் போகவில்லை. அக்கா வீட்டிலும் எல்லோரும் நலம். ஞாயிறு இரவு நீ கூப்பிடும் நேரத்துக்கு அம்மா இப்போதும் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து வாரமாக ‘வேலை அதிகம்மா’ என்ற ஒரு வரி மட்டும் வருகிறது. வேலை அதிகமாகத்தான் இருக்கும். அதைக் கேட்க நான் எழுதவில்லை, இசைத்தட்டுகளைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன்.

தட்டுகளை நிமிர்த்தி வைத்திருக்கிறாயா? ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது கெடும், சாய்த்து வைத்தால் வளையும். இதை முன்பே பலமுறை சொல்லியிருக்கிறேன். இந்த ஊர் உப்புக்காற்றில் உறைகள் நைந்து, தட்டின் வரிகளுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடுகிறது என்றுதான், நீ பெங்களூரில் குடித்தனம் வைத்த ஆண்டே நூற்றுப் பதினெட்டுத் தட்டுகளையும் ஒன்று குறையாமல் உன் பொறுப்பில் விட்டேன். கப்பலில் வேலை பார்த்த இருபத்தொன்பது ஆண்டுகளில் நான் மிச்சம் பிடித்தது இந்த வீடும் அந்தத் தட்டுகளும்தான். அவற்றை அக்காவிடம் கொடுக்காமல் உன்னிடம் கொடுத்ததன் காரணம் உனக்கே தெரியும். சாக்சபோன் முழங்கிக்கொண்டிருக்கையில் அதை விட்டுவிட்டு, அடியில் நடந்துபோகும் பால் சேம்பர்ஸின் பாஸ் வாத்தியத்தை விரலால் தரையில் தட்டிக் காட்டியபோது உனக்கு வயது பன்னிரண்டு. நானோ எட்டாம் வகுப்போடு நின்றவன். சிற்றலை வானொலியில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் வில்லிஸ் கானோவர் நிறுத்தி நிறுத்திப் பேசியதைக் கேட்டே ஆங்கிலத்தையும் ஜாஸையும் சேர்த்துக் கற்றவன். எனக்கு இருபது வருடம் பிடித்தது உனக்கு ஒரு மாலையில் பிடிபட்டது என்று கப்பலில் நான் சொல்லாத ஆள் கிடையாது.

சென்ற மாதம் மதுரையில், வழக்கமான அந்த மொட்டைமாடியில் கூடினோம். ஜாஸ் கேட்கிறவர்கள் எண்ணி ஏழு பேர், எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது, சண்டைக்கு மட்டும் குறைவில்லை. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ தட்டின் முதல் பக்கம் பதிவான 1959 மார்ச் 2 அன்று டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடிவிட்டதால், பழைய தட்டுகளைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது அந்த மூன்று உருப்படிகளும் சுருதி கொஞ்சம் ஏறியே ஒலிக்கின்றன என்பதும், அதைத் திருத்திய பதிப்பு 1992-இல்தான் வந்தது என்பதும் நீ அறிந்ததே. திருத்தியதைத்தான் கேட்க வேண்டும் என்று வங்கியில் இருந்தவர் சொல்ல, முப்பது வருடம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தப் பிழைதான் சுருதி என்று பல் டாக்டர் மல்லுக்கு நிற்க, ஒரு மணி நேரம் போயிற்று. நானும் பல் டாக்டர் பக்கம்தான்.

அதன் பிறகு ஒருவர், பெங்களூரில் வாங்கியது என்று சொல்லித் தம் பையிலிருந்து சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ தட்டை எடுத்து வைத்தார். இம்பல்ஸ் கம்பெனியின் பதிப்பு, விரித்துப் பார்க்கும் உறை. உள்ளே கோல்ட்ரேன் எழுதிய பிரார்த்தனை அச்சாகியிருக்கும் பக்கத்தின் கீழ் ஓரத்தில், நீல மையில் 22.12.64 என்று எழுதியிருந்தது. அது பதிவான தேதியாக இருக்கும் என்றார் ஒருவர். பதிவானது 9-ஆம் தேதி, இது யாரோ வாங்கிய தேதி என்றார் இன்னொருவர். தட்டே 1965-இல்தானே கடைக்கு வந்தது என்று மூன்றாமவர் அதையும் மறுத்தார். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட இரவு என்று அந்த மதுரைக்காரர்களுக்குத் தோன்றவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தைப் போட்டார்கள். எல்வின் ஜோன்ஸ் தனியாக டிரம்ஸ் வாசிக்கும் இடத்தில், நீ ஏழு வயதில் ஊசியைப் பிடித்து இழுத்தாயே, அதே இடத்தில், டிக் டிக்கென்று நான்கு முறை கேட்டது. விற்றவர் யார் என்று நான் கேட்கவில்லை. விலையை மட்டும் கேட்டேன். அவசரம் இல்லாதவர் எவரும் அந்த விலைக்கு அதைக் கொடுத்திருக்க மாட்டார்கள், பாப்பா.

தட்டுகளை நிமிர்த்தி வை. எத்தனை இருந்தாலும் நிமிர்த்தி வை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சொல்ல முடியாத நிலை என்றால் சொல்ல வேண்டாம்.

ஊருக்கு வந்ததும் உன்னைக் கடிந்துகொண்டு இரண்டு பக்கம் எழுதினேன். எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன், ஏனென்றால் அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. 1999 ஜூனில் நீ கல்லூரியில் சேர்ந்தபோது, கப்பலில் சம்பளம் தாமதமாகிறது என்று நான் அம்மாவுக்கு எழுதியிருந்தேன். அவள் ராமநாதபுரத்தில் சங்கிலியை அடகு வைத்து உனக்குப் பணம் கட்டினாள். மெருகு போடக் கொடுத்திருக்கிறது என்று உன்னிடம் சொல்லிவிட்டு, மஞ்சள் கயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு உன்னை பஸ் ஏற்றினாள். அந்தச் சங்கிலியை மீட்கவே முடியவில்லை. சம்பளம் தாமதமாகவில்லை, பாப்பா. ஜப்பானில், யோகோகாமாவில் ஒரு மாடிக்கடையில் அது கோல்ட்ரேனின் ‘புளூ டிரெயின்’ தட்டாக மாறியிருந்தது.

கடைக்காரர் தட்டை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்து, வாசிப்பு முடிந்து லேபிளுக்கு முன் வரும் வெற்று வட்டத்தில் அதைப் பதிவு செய்த ரூடி வான் கெல்டரின் முதலெழுத்துகளையும், சற்றுத் தள்ளி, காது மாதிரி வளைந்த ஒரு சின்னக் குறியையும் காட்டினார். பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சான தட்டுக்கு அதுதான் அடையாளம்; 1966 வாக்கில், அதை வெளியிட்ட புளூ நோட் கம்பெனி லிபர்ட்டி என்ற கம்பெனியின் கைக்குப் போன பின் அச்சானவற்றில் அந்தக் காது கிடையாது. அதைப் பார்த்தபின் என்னால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 1957 செப்டம்பர் 15 அன்று, அமெரிக்காவில் ஹாக்கென்சாக் என்ற ஊரில், வான் கெல்டர் தம் அப்பா அம்மா வீட்டுக் கூடத்திலேயே மைக் வைத்துப் பதிவு செய்தது என்றும், டிரம்பெட் ஊதிய லீ மார்கனுக்கு அப்போது பத்தொன்பது வயதுதான் என்றும் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பெற்றவர்கள் பிள்ளைக்காகக் கூடத்தையே விட்டுக்கொடுத்த கதையை வாய் வலிக்கச் சொன்ன நான், அந்தத் தட்டுக்காக உன் அம்மா கழுத்திலிருந்து எது போயிற்று என்பதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

ஆகவே விற்பதென்று இருந்தால் மற்றவற்றைத் தொடாதே, புளூ டிரெயினை விற்றுவிடு. அது அன்றைக்கே உனக்குச் சேரவேண்டிய பணம். வேறெதற்கும் கிடைக்காத விலை அதற்குக் கிடைக்கும். அந்தக் காதை மட்டும் தெளிவாகப் படமெடுத்து எனக்கு அனுப்பு, விலையை நான் பேசிக்கொள்கிறேன். யாருடையது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், என்னுடையது என்றே சொல்வேன். மதுரையில் இருக்கும் மற்றதைத் திருப்பிக் கேட்க எனக்கு ஆசைதான், ஆனால் கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும், அதனால் கேட்கவில்லை. அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. சங்கிலி விஷயத்தை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டும், இன்னும் வாய் வரவில்லை.

நேரில் கொண்டுவந்தால் நல்லது. ராமேஸ்வரம் வரை ரயில் மறுபடி ஓடுகிறது. தட்டு இல்லாமல் வந்தாலும் நல்லதுதான். பார்சலில் அனுப்புவதானால் தட்டை உறைக்குள் வைத்து அனுப்பாதே. வெளியே எடுத்து, உள்தாளோடு உறையின் பின்பக்கமாக வைத்துக் கட்டு. உள்ளேயே இருந்தால் வழியில் ஆடுகிற ஆட்டத்தில் உறையின் விளிம்பு கிழிந்துவிடும். பெட்டியை நிமிர்த்தி வைக்கும்படி மேலே பெரிதாக எழுது.

இப்படிக்கு,
அப்பா