அறுவை சிகிச்சை வார்டுகளுக்கு ஒரே நெறிமுறை: புதுச்சேரி சுகாதாரத்துறை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சை வார்டுகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். நம் மருத்துவர்களின் கைத்திறனில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. ஆனால் ஒரே அறுவை செய்துகொண்ட இருவரில் ஒருவர் மறுநாளே இட்லி சாப்பிட்டு வராந்தாவில் நடப்பதும், மற்றவர் மூன்று நாள் குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்திருப்பதும் எந்த யூனிட்டில் சேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்துவிடுகிறது. அதனால்தான், அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியைக் கவனிக்க எல்லா யூனிட்டுகளுக்கும் ஒரே எழுத்து நெறிமுறை வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் பட்டினியைச் சொல்ல வேண்டும். "ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது" என்று எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறோம். தியேட்டர் பட்டியலில் நான்காவதாக இருப்பவரைக் கூப்பிடும்போது மதியம் இரண்டு மணியாகிவிடும். இடையில் அவசர கேஸ் வந்தால், கடலூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து படுத்திருக்கும் அந்த மனிதர் நாக்கு வறண்டபடியே மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்படுவார். செரிமானக் கோளாறு இல்லாதவர்கள், மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பு வரை இட்லி போன்ற எளிய உணவும், 2 மணி நேரம் முன்பு வரை தண்ணீரோ பால் சேர்க்காத காப்பியோ எடுத்துக்கொள்ளலாம் என்பது மயக்க மருந்தியல் வழிகாட்டுதல்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதுதான்.

டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990களில் காட்டியதும் இதன் தொடர்ச்சியே: நீண்ட பட்டினியைத் தவிர்ப்பது, வலியைப் பல வழிகளில் அடக்கி ஓபியாய்டு மருந்துகளை (மார்பின் போன்ற வலுவான வலி நிவாரணிகளை) குறைப்பது, தேவைக்கு மேல் திரவம் ஏற்றாதிருப்பது, உடலில் செருகிய குழாய்களைச் சீக்கிரம் எடுப்பது, அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்கவிடுவது ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தால் உடல் விரைவில் தேறுகிறது. இது மேல்நாட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்பாருக்கு, நம் ஊர் ஜிப்மர் மருத்துவர்களே முன்சிறுகுடல் புண் வெடித்து அவசரமாக வந்தவர்களிடம் இம்முறையைச் சோதித்து, அவர்கள் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்ததை வெளியிட்டிருப்பதே பதில்.

நம் வார்டில் நோயாளியை எழுப்பி நடக்கவைப்பது பெரும்பாலும் உடனிருக்கும் மனைவியோ அண்ணனோதான். நடந்தால் தையல் பிரிந்துவிடும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள், "காத்து பிரிஞ்சுதா?" என்று நாமே கேட்டுக்கேட்டு, அதுவரை எதுவும் கொடுக்கக் கூடாது என்ற எண்ணத்தை அவர்கள் மனத்தில் பதித்துவிட்டோம். ஆகவே நெறிமுறை கேஸ் ஷீட்டோடு நின்றுவிடாமல், எந்த வேளைக்கு என்ன உணவு, எத்தனை முறை நடை, எந்த அறிகுறி தெரிந்தால் செவிலியரை அழைப்பது என்பதை எளிய தமிழில் அச்சிட்டு அவர்கள் கையிலும் கொடுக்க வேண்டும்.

எல்லா அறுவைகளுக்கும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. குடலிறக்கம், சிசேரியன் இரண்டில் தொடங்கினால் போதும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: படுக்கையைக் காலி செய்யும் கருவியாக இது மாறிவிடக் கூடாது. வீடு திரும்பிய பின் காய்ச்சலோ சீழோ கண்டு மீண்டும் வந்தவர்களின் கணக்கையும் மாதந்தோறும் எடுக்க வேண்டும்.

சிறுநீர்க் குழாயைக் காலையில் எடுக்கலாம் என்று தெரிந்தும், ரவுண்ட்ஸ் முடியட்டும் என்று மதியம் வரை விட்டுவைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. மருத்துவர் முன்கூட்டியே குறித்த நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் பணியிலிருக்கும் செவிலியரே அதை எடுக்கலாம் என்று எழுத்துபூர்வமான ஆணை ஒன்றைத் தாங்கள் பிறப்பிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர், புதுச்சேரி