காற்றைக் கேட்டுவிட்டுக் கிளம்பு

பிடோக், சிங்கப்பூர்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய வழித்திட்டத்தை நூலகத்தில் அச்செடுத்து வந்து, நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்தேன். காட்ஸாண்டில் தொடங்கி ஜெர்மனி எல்லைவரை, ஹாலந்தின் கடற்கரை முழுவதும், சுமார் 600 கிலோமீட்டர், ஆறே நாள். நாளுக்கு நூறு என்று கோடு போட்டுப் பிரித்திருக்கிறாய். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "கணக்கு சரியாகத்தான் இருக்கிறது" என்றார். கணக்கு சரிதான் தம்பி. ஆனால் அதில் காற்று இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு 13 வயது, ஜூன் விடுமுறை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து கடலோரப் பூங்கா இணைப்புப் பாதையைப் பிடித்துச் சாங்கிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குப் பறந்தோம். விமான நிலைய வேலியை ஒட்டி நேராகப் போகும் அந்த நீண்ட பாதையில் நீ இரண்டு கைகளையும் விட்டுவிட்டு ஓட்டினாய். நான் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தேன். சாங்கி வில்லேஜில் நாசி லெமாக் தேங்காய்ச் சோறு சாப்பிடும்போது, "அம்மா, எனக்குக் களைப்பே இல்லை, இன்னொரு தடவை போய்வரலாம்" என்றாய். திரும்பும்போதும் அதே பாதைதான். தெற்கிலிருந்து காற்று முகத்தில் அறைந்தது. மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. பாதி வழியில் அதைப் புல்லில் போட்டுவிட்டு நீ உட்கார்ந்துவிட்டாய். கண்ணில் நீர்; வியர்வை என்றாய். என் பின்சக்கரத்தை ஒட்டியே வரச் சொல்லி, என் முதுகை உனக்கு மறைப்பாக வைத்து, மெல்ல மெல்ல வீடு வந்து சேர்ந்தோம்.

காற்று முதுகில் இருக்கும்போது அது காதில் விழாது. எல்லாம் நம் காலின் பலம் என்று நினைத்துக்கொள்வோம். அன்றைக்கு நாம் ஏமாந்தது அப்படித்தான். அதன்பிறகு இன்றுவரை நான் காற்றைப் பார்க்காமல் சைக்கிளை வெளியே எடுத்ததில்லை. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம்வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சாங்கிக்குப் போகும்போது சிரமம், வரும்போது சுகம். அந்த மாதங்களில்தான் எதிர்வீட்டு மலாய் அத்தையையும் அழைத்துக்கொண்டு தூரம் போவேன். ஜூன் முதல் செப்டம்பர்வரை போவதென்றால் பாதித் தூரத்திலேயே திரும்பிவிடுவேன்.

இது நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. உன் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். கடற்தொழிலை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், காலையில் கதவைத் திறந்ததும் "இன்றைக்குக் கொண்டல்", "இன்றைக்குச் சோழகம்" என்று காற்றின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பல் துலக்கப் போவார். வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கே இருந்து கச்சான். நீ இருக்கும் கடற்கரையில் ஆண்டில் பெரும்பாலும் வீசுவது சோழகமும் கச்சானும் கலந்த தென்மேற்குக் காற்று. ஆனால் வசந்த காலத்தில் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நாள்கணக்கில் திரும்பி அடிக்கும். நீ கிளம்புவது மே மாதம். அப்படியிருக்க, எந்தத் திசையில் போவது என்பதை ஏப்ரலிலேயே எப்படி முடிவு செய்தாய்?

உன் திட்டத்தில் முதல் நாள் கடைசியில் ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணையைக் கடப்பதாக இருக்கிறது. 1953 வெள்ளத்தில் 1,836 பேர் இறந்த பிறகு கட்டத் தொடங்கிய அணைவரிசையில் மிகப் பெரியது அது, 1986இல் திறந்தார்கள். ஏறக்குறைய 9 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அந்த நாட்டுக்காரர்கள் எதிர்காற்றுச் சைக்கிள் போட்டி நடத்துவதே அதன்மேல்தான். புயல்போல் காற்று அடிக்கும் நாளாகப் பார்த்து அறிவித்து, கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள்களில் 8.5 கிலோமீட்டர் மிதிக்கிறார்கள். அந்தப் பாதையில் நீ பொழுது சாயும் நேரத்தில், எழுபது எண்பது கிலோமீட்டர் மிதித்து ஓய்ந்த காலோடு, பின்னால் இரண்டு பை தொங்க, தனியாகப் போகப்போகிறாய். எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

அதனால் என் யோசனையைச் சொல்கிறேன். ஆறு நாளில் 600 வேண்டாம். ஹூக் வான் ஹாலந்திலிருந்து டென் ஹெல்டர்வரை மட்டும் போ. 150 கிலோமீட்டர் சொச்சம் வரும். அதை மூன்று, நான்கு நாளாகப் பிரித்துக்கொள். பெரும்பகுதி மணற்குன்றுகளுக்கு உள்ளேயே பாதை போகிறது, காற்றுக்கு மறைப்பு உண்டு. கிளம்பும் அன்று காலையில் காற்றைப் பார். தென்மேற்காக இருந்தால் ஹூக்கிலிருந்து வடக்கே போ. வடக்கிலிருந்து அடித்தால் சைக்கிளை ரயிலில் ஏற்றி டென் ஹெல்டருக்குப் போய்விட்டு, அங்கிருந்து வீட்டை நோக்கி இறங்கி வா. சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், வேலைநாளில் காலை மாலை நெரிசல் நேரத்தில் ஏற்றவிடமாட்டார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். டென் ஹெல்டரில் நேரம் மிச்சமிருந்தால் படகு ஏறி டெக்ஸல் தீவுக்குப் போய்வா. இருபது நிமிடம்தான். நம் உபின் தீவுப் படகுபோல் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெட்டன் என்ற ஊரில் கொஞ்ச நேரம் இறங்கி நில். பல நூற்றாண்டுகளாகக் கடலைத் தடுத்து நின்ற கரை அங்கே இருக்கிறது. அதன் முன்னால் மணலைக் கொட்டி 2015இல் ஒரு கடற்கரையையே உண்டாக்கி முடித்தார்கள். நீ அதைப் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நீ சைக்கிள் பழகிய இடமும் கடலாக இருந்ததுதான். 1966இல் வேலை தொடங்கியது. பிடோக், தெம்பனிஸ் குன்றுகளை வெட்டி, நீளமான ஓடும் பட்டைகளில் மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். தாத்தா என்னைத் தோளில் உட்காரவைத்துக் காட்டினார். செம்மண் ஆறுபோல் ஓடியதும், அலைக்கும் எங்களுக்கும் நடுவே நிலம் வளர்ந்துகொண்டே போனதும் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

இப்போது நம் தெக்கோங் தீவில் ஹாலந்து முறையிலேயே செய்திருக்கிறார்கள். மண்ணால் நிரப்பாமல், சுற்றிலும் சுமார் 10 கிலோமீட்டருக்கு அணைக்கரை கட்டி, உள்ளே இருக்கும் நீரை இறைத்து, கடல் மட்டத்துக்குக் கீழே 810 ஹெக்டேர் நிலம். சாங்கிக் கடற்கரையில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தி அந்தத் தீவைப் பார்க்கும்போதெல்லாம், தேசிய சேவை ராணுவப் பயிற்சிக்கு உன்னை அங்கே கொண்டுபோய் விட்ட முதல் நாள் ஞாபகத்துக்கு வரும். இப்போது கிண்டர்டைக்கும் சேர்ந்து வருகிறது.

போன வருடம் நாம் கிண்டர்டைக் போனதைத்தான் இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 19 காற்றாலைகளைப் பார்த்தது ஒரு பக்கம் இருக்கட்டும். திரும்பும் வழியில் அணைக்கரைக்குக் கீழே, மாட்டுப் பண்ணையை ஒட்டிய பாதையில் போய்க்கொண்டிருந்தோம். நிமிர்ந்தால் என் தலைக்கு மேலே ஒரு படகு போகிறது. வாய்க்கால் மேலே, வயல் கீழே. பசு ஒன்று அசை போட்டபடி என்னையே பார்த்தது. ஒரு காலை ஊன்றி அப்படியே நின்றுவிட்டேன். நீ முன்னால் போய்விட்டாய், திரும்பி வந்து "என்னம்மா?" என்றாய். நாளுக்கு நூறு கிலோமீட்டர் என்று ஓடியிருந்தால் அந்தப் படகை நான் பார்த்திருக்கமாட்டேன்.

அன்றைக்கு நீ காட்டிய எண் பலகைகளும் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. வெள்ளைப் பலகையில் பச்சை எண். ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்புக்கு எண்ணைப் பிடித்துக்கொண்டே போகலாம். பெல்ஜியத்தில் சுரங்கப் பொறியாளராக இருந்த ஹ்யூகோ போலன் யோசித்த முறை, 1995இல் அங்கே தொடங்கியது என்று பிறகு படித்தேன். அன்று பேனாவால் முன்கையில் எண்களை வரிசையாக எழுதிக்கொண்டு நான்தான் முன்னால் போனேன். இந்தப் பயணத்திலும் அப்படியே செய். கைப்பேசியைப் பையில் வை. அதன் மின்சாரம் அவசரத்துக்கு வேண்டும்.

செயினைப் பற்றி ஒரு வார்த்தை. உபினிலிருந்து திரும்பும்போது படகுக்காரர் சைக்கிள்களை முன்பக்கம் அடுக்குவார், அலை தெறித்தபடியே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை களைப்பில் அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் செயினைக் கட்டைவிரலால் தடவினால் மஞ்சள் அரைத்த கைபோல் துரு. கடலோரத்தில் ஓட்டிய ஒவ்வொரு நாளும், சாப்பிடுவதற்கு முன்பே, நல்ல தண்ணீரில் கழுவு. அப்பாவின் பழைய வேட்டித் துணி இரண்டு முழம் உன் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். அதால் ஈரம் போகத் துடை. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பிறகு மறுபடியும் துடை. வெளியே எண்ணெய் மினுங்கினால் குன்றுகளின் மணலெல்லாம் அதில்தான் ஒட்டும்.

ஓஸ்டர்ஸ்கெல்டேயை எனக்காக விட்டு வை. செப்டம்பரில் நான் வருகிறேன், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரெஸ்கன்ஸில் படகு ஏறி, அந்தப் பகுதியைச் சேர்ந்தே ஓட்டலாம். இப்போது என் பின்சக்கரத்தை ஒட்டி வர வேண்டிய தேவை உனக்கு இல்லை. நான்தான் உன் முதுகுக்குப் பின்னால் வர வேண்டியிருக்கும்.

பின்சக்கரத்தில் ஒரு கம்பி தளர்ந்து சத்தம் போடுகிறது என்று எழுதியிருந்தாயே, பையின் பாரம் முழுவதும் அதன்மேல்தான் விழும். கிளம்புவதற்கு முன் கடையில் கொடுத்து முறுக்கிக்கொள். முறுக்கியதும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அம்மா