மைக் கொஞ்சம் பின்வரிசைக்கும் வரட்டும்

இலங்கை மலையகத்தில் விவசாய மாநாடும் ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயமும் நடத்துகிற ஐயாமார், அம்மாமார் எல்லோருக்கும்,

வணக்கம். நான் ஹட்டன் பக்கத்து நிருபர். மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்று கூலிதான். அழைப்பிதழில் காலை 9 மணி என்று போட்டிருந்தால் நான் ஐந்தரைக்கெல்லாம் பஸ் நிலையத்தில் நிற்பேன். நுவரெலியா என்றால் தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா. கன்னொறுவை என்றால் கினிகத்தேனை, கம்பளை. பனிமூட்டத்தில் பஸ் ஊர்ந்து போய், காலுறை நனைந்து நான் மண்டபத்துக்குள் நுழைந்தால் பிரதம அதிதி வந்து சேரப் பதினொரு மணி. சரி, அது நாடு முழுக்க உள்ள வியாதி, அதற்காக இதை எழுதவில்லை.

2021ஆம் ஆண்டு மே மாதம் அரசாங்கத்தில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் திரும்ப விட்டார்களே, அதற்கு இடைப்பட்ட காலத்தில் நான் போன ஒரு கூட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மேடையில் கூட்டெரு பற்றி ஆங்கிலத்தில் ஸ்லைடு ஓடுகிறது, விளக்கம் சிங்களத்தில். கடைசி வரிசையில் உருளைக்கிழங்கு போடுகிற ஒரு அண்ணன், மடியில் ஒரு சொப்பிங் பேக். கேள்வி நேரம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் "நேரம் போதாது, சாப்பாட்டுக்குப் போகலாம்" என்று முடித்துவிட்டீர்கள். சாப்பாட்டு வரிசையில் அந்தப் பையை என்னிடம்தான் திறந்து காட்டினார். உள்ளே நாலைந்து இலை. சுடுதண்ணீர் கொட்டிய மாதிரி கருகிய திட்டு, திருப்பினால் அடியில் வெள்ளைப் பூஞ்சணம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் சில நாட்களிலேயே பாத்தி முழுக்கப் பரவுகிற பின் வெளிறல் நோய் அது. "தம்பி, இதற்கு என்ன அடிக்கலாம் என்று கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். நான் நிருபர், மருந்துக் கடைக்காரன் இல்லை. அதிகாரி ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் அவருடைய வாகனம் கிளம்பிவிட்டது. அந்த நோய்க்கு மருந்து தெரிந்தவர்கள் அன்று அதே மண்டபத்தில் குறைந்தது பத்துப் பேராவது இருந்திருப்பார்கள்.

2012 கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர்கள். தமிழ் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. உங்கள் மாநாட்டுக் கைநூலில் மட்டும் தமிழ் அட்டையோடு நின்றுவிடுகிறது, அதிலும் எழுத்துப் பிழை.

அப்புறம் குதிரை. 1875 முதல் பந்தயம் நடக்கிற திடல் நுவரெலியாத் திடல். ஆளுநர் கிண்ணப் பந்தயம் என்றால் கொழும்பிலிருந்து வாகனம் வாகனமாக வந்து இறங்குகிறார்கள். ஏப்ரலில் அங்கே ஒரு அறை வாடகை என் ஒரு மாதக் கூலியைத் தின்றுவிடும், அதனால் நான் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நீங்கள் எங்களுக்குத் தருகிற தாளில் குதிரையின் பெயர், உரிமையாளர், பயிற்றுநர், ஜொக்கி எல்லாம் உண்டு. தொப்பி போட்ட அம்மணிகளைப் படம் பிடிக்கத் தனி நேரம்கூட உண்டு (பத்திரிகைகளும் அதைத்தான் கேட்கின்றன, பொய் சொல்வானேன்). அந்தக் குதிரைக்குப் புல் போட்டு, குளம்பு துடைத்து, இரவில் பக்கத்திலேயே படுக்கிற ஆள் எந்தத் தாளிலும் இல்லை.

ஒரு வருடம் வேலிக்கு வெளியே நின்று அப்படி ஒருவரோடு பேசினேன். தோட்டத்து லயத்தில் பிறந்தவர், நம்ம தமிழ். "குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, தெரியுமா? அதனால வயிறு பிடிச்சா உயிருக்கே ஆபத்து. காலையில முதல் வேலையா சாணியத்தான் பார்ப்பேன், அதுக்கப்புறம்தான் என் பிளேன்டீ" என்றார். பேசிக்கொண்டே குதிரையின் விலாவில் காதை வைத்து உள்ளே குடல் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார், கேட்டதும் சிரித்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பாதுகாப்பு ஊழியர் வந்து "ஊடகத்துக்கு இடம் அங்கே" என்று விளம்பரதாரர் கூடாரத்துக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் குதிரையின் காது மட்டும்தான் தெரியும்.

பேனாவும் தொப்பியும் வைத்த பை எனக்கு வேண்டாம், வீட்டில் ஏற்கனவே ஏழெட்டு கிடக்கிறது. மாநாட்டில் வரவேற்புரைகளில் இரண்டை வெட்டி, அந்த அரை மணி நேரத்தை இலையோடும் வேரோடும் வருகிறவர்களுக்குக் கொடுங்கள், பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு விவசாயப் போதனாசிரியரை நிறுத்துங்கள். பந்தயத்தன்று லாயத்துப் பக்கம் எங்களை ஒரு மணி நேரம் விடுங்கள்; குதிரை மிரளும் என்று பயந்தால் கமராவை வெளியே வைத்துவிட்டே வருகிறோம்.

அடுத்த மாநாட்டுக்கு நான் வருகிறேன். அந்த உருளைக்கிழங்கு அண்ணனையும் கூட்டி வருகிறேன், சாப்பாட்டுக் கணக்கில் ஒரு ஆளைக் கூட்டிப் போட்டு வையுங்கள். அவர் மரக்கறிச் சாப்பாடு.

இப்படிக்கு,
ஐந்தரை பஸ்ஸில் வருகிற நிருபர்