மாமியார் புக்கு

பாளையங்கோட்டை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டு வலிக்கு நீ எழுதியிருந்த எண்ணெயை வாங்கிவிட்டேன். அந்த வாடைதான் வீட்டில் யாருக்கும் பொறுக்கவில்லை. யாழினி ஆய்வில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆட்களிடம் பேசப் போகும்போது கைடு கேள்வித்தாளோடு போ என்கிறார், இவள் சும்மா உட்கார்ந்து பேசத்தான் போவேன் என்கிறாள், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறாய். வங்கியில் முப்பது வருஷம் படிவங்களோடு குடும்பம் நடத்தியவள் நீ. உன் மனசு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதா?

தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்க நான் அலைந்தது நினைவிருக்கிறதா? முதல் மாதம் அச்சடித்த தாளோடுதான் போனேன். ‘பாஸ்புக் இருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி, சுற்றிக் கொடுக்கிற பீடியைக் கடையில் பதியும் புத்தகம். எல்லாரும் ‘இருக்கு’ என்றார்கள், நானும் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். தாள் தீர்ந்துபோன ஒருநாள், ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்கக்கா” என்றேன். இலை நனைத்தது, வெட்டியது, இடையில் உலை வைத்தது, பிள்ளைக்குத் தலை பின்னியது என்று சுளகை மடியிலிருந்து இறக்காமலே சொல்லிக்கொண்டு வந்தவர், போகிற போக்கில் “கடையில மாமியா புக்குலல்லா பதியணும்” என்றார். பாஸ்புக் இருந்தது, மாமியார் பேரில். சுற்றுவது மருமகள், பி.எஃப். சேர்வது மாமியாருக்கு. என் தாளில் அதற்குக் கட்டமே இல்லை. எனக்கே தெரியாத ஒன்றை எப்படிக் கேள்வியாக அச்சடித்திருப்பேன்?

அன்றோடு தாளைத் தூக்கிப் போட்டேன். அங்கேதான் வினை பிடித்தது. ஒருத்தர் வயிற்றுவலியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார், இன்னொருத்தர் மகள் கல்யாணக் கடனைப் பற்றி. ஒரு மணி நேரப் பேச்சை எழுதி எடுக்க ஒரு பகல் முழுசும் போகும். ஆறு மாதத்தில் 22 பேர்தான். கடைசியில் உட்கார்ந்து பார்க்கிறேன், பாஸ்புக் யார் பேரில் என்று அதில் ஒன்பது பேரிடம்தான் கேட்டிருக்கிறேன்! மீதிப் பேரிடம் பேச்சு அந்தப் பக்கமே திரும்பவில்லை. கைடு அட்டவணை கேட்டபோது என் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

சமூகவியலாளர் ஆன் ஓக்லியை யாழினி படித்திருப்பாள். 1970-களில் லண்டனில், முதல் பிள்ளை பெறப்போகும் பெண்களைப் பேறுக்கு முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்பச் சந்தித்தவர். 178 பேட்டிகள். அவற்றில் அந்தப் பெண்கள் அவரிடம் திருப்பிக் கேட்ட கேள்விகள் மட்டும் 878. முக்கால்வாசி, விவரம் தெரிந்துகொள்ளக் கேட்டவை. பிள்ளை எந்த வழியாக வரும் என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். பிடிகொடுக்காமல் நழுவிவிடு என்பதுதான் அன்றைய பாடநூல்களின் போதனை. ஓக்லி பதில் சொன்னார். பயந்துபோய் இருப்பவளிடம் வாயை மூடிக்கொண்டு தகவல் மட்டும் பிடுங்குவது என்ன நியாயம் என்பது அவர் கட்சி. எனக்கும் அதே கட்சிதான், ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. போன வருஷம் என் பழைய டேப் ஒன்றைக் கேட்டேன். கடைக்காரர் பீடியைச் சரியில்லை என்று கழித்துப் போடுவதை ஒரு பெண் சொல்கிறார். நான் “அச்சச்சோ” என்கிறேன். அடுத்த அரை மணி நேரம் கடைக்காரர் கதைதான்! அந்தப் பெண் மனதில் இருந்ததா, என் அச்சச்சோ இழுத்து வந்ததா என்று இன்றைக்கு யார் சொல்வது? தாளுக்கு அச்சச்சோ சொல்லத் தெரியாது.

நாம் எங்கே தங்குகிறோம் என்பதும் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அக்கிரகாரத்து வீட்டில் தங்கித்தான் ஆய்வு செய்தார். மற்றத் தெருக்களில் அதே போல உட்கார்ந்து பேசிவிட முடியவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

அதனால் இரண்டும் வேண்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் வரிசை முக்கியம். முதலில் பத்துப் பேரிடம் தாள் இல்லாமல் பேசட்டும். அதில் கிடைத்ததை வைத்துக் கேள்வித்தாள் எழுதட்டும். கைடும் வாயடைத்துப் போவார்.

இன்னொன்று உன்னிடம் மட்டும். திண்ணையில் பேசிய அந்த அக்கா, அன்றைக்கே தன் வீட்டுக்காரரைப் பற்றியும் ஒன்று சொன்னார். மறுநாள் காலையில் அவர் மகள் வந்து, “அம்மா அத எழுத வேண்டாம்னு சொல்லச் சொன்னா” என்றாள். கேள்வித்தாள் என்றால் அந்தப் பேச்சே வந்திருக்காது. நான் துருவவில்லை, ஆனால் துருவாமல் உட்கார்ந்திருந்ததால்தானே அவர் சொன்னார். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். டேப்பில் அப்படியே இருக்கிறது. அழிக்கவும் மனசு வரவில்லை, வைத்திருக்கவும் கூச்சமாக இருக்கிறது.

தீபாவளிக்கு யாழினியை இங்கே அனுப்பு. மற்ற டேப்புகளை அவள் கேட்கட்டும். போன மாதத்தோடு என் ரெக்கார்டர் நின்றுவிட்டது. உன் வீட்டுக்காரர் அந்த டூ-இன்-ஒன்னை இன்னும் வைத்திருந்தால் அவளிடம் கொடுத்துவிடு.

அன்புடன்,
மல்லிகா