ஆறு சிலிண்டர் நடுங்கினால் இன்ஜினை இறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார், லாரிகளைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெயிண்ட், தகரம், குரோமியம் பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் உள்ள பழைய இன்ஜின்கள் வயதானால் நடுங்கத்தான் செய்யும், அதை இறக்கிவிட்டு வி-8 ஏற்றுவதே வழி என்ற பொருளில் ஒரு வரி வந்திருக்கிறது. அதை நம்பி நல்ல இன்ஜின்களை இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவார்களே என்றுதான் இந்தக் கடிதம்.

நடுங்குவது இந்த இன்ஜினின் இயல்பே அல்ல. பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் ஷாஃப்டில் 1-ம் 6-ம் சிலிண்டர் ஒரு ஜோடி, 2-ம் 5-ம் ஒரு ஜோடி, 3-ம் 4-ம் ஒரு ஜோடி. ஜோடிக்கு ஜோடி 120 டிகிரி இடைவெளி. பிஸ்டன்கள் ஏறி இறங்குவதால் பிறக்கும் முதல்நிலை, இரண்டாம்நிலை விசைகள் ஒன்றையொன்று முழுதாக அடித்துவிடும். நான்கு சிலிண்டரில் மிஞ்சும் இரட்டை வேக அதிர்வு இதில் கிடையாது. அதை அடக்கச் சுழலும் பேலன்ஸ் ஷாஃப்டும் தேவையில்லை. 1-5-3-6-2-4 என்ற வரிசையில் 120 டிகிரிக்கு ஒருமுறை வெடிப்பு. ஆகவே இப்படியொரு இன்ஜின் ஐடிலிங்கில் ஆடினால் ஆறில் ஒன்று வேலை செய்யவில்லை, அல்லது ஆறும் சமமாகச் செய்யவில்லை. மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் ஆட்டம் பெரிதாகத் தெரியும். ஆனால் ஆட்டத்தைக் கிளப்புவது பெரும்பாலும் ரப்பர் அல்ல.

முதலில் ஆறு பிளக்கையும் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு பலகையில் அடுக்க வேண்டும். பிறகு த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று கிராங்க் செய்து கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் அமுக்கும்போது உள்ளே ஏறும் அழுத்தம், எடுக்க வேண்டும். மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து விழுந்திருந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. கம்ப்ரெஷன் ஆறிலும் சரியாக இருந்து, பலகையில் 1-ம் 6-ம் வெளுத்தும் 3-ம் 4-ம் கறுத்தும் இருந்தால், இன்ஜினுக்குள் தேட வேண்டாம். குற்றவாளி வெளியே மேனிஃபோல்டில், அதாவது கலவையை உள்ளே கொண்டுவரும் (இன்டேக்), புகையை வெளியே கொண்டுபோகும் (எக்ஸாஸ்ட்) குழாய்த் தொகுப்பில், உட்கார்ந்திருக்கிறான்.

இந்த இன்ஜின்களில் நூறு புகார் வந்தால் பாதி மேனிஃபோல்டில் முடியும். ஷெவர்லேயின் பழைய 216, 235, ஃபோர்டின் 300 (எண்கள் கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவு), கிரைஸ்லரின் சாய்த்து வைத்த ‘சாய்ந்த ஆறு’ எல்லாவற்றிலும் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நீளமான வார்ப்பிரும்பு. 60 சென்டிமீட்டர் நீள வார்ப்பிரும்பு 400 டிகிரி சூடேறினால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் ஹெட்டோ 90 டிகிரியில் நிற்கிறது, அரை மில்லிமீட்டர்தான் நீளும். இந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்காமல், ‘இன்னும் கொஞ்சம் இறுகட்டும்’ என்று ஓரத்து நட்டுகளை முடுக்கிவிட்டால் மேனிஃபோல்டு நடுவில் விரிசல் விடும், இல்லையேல் ஓரத்து ஸ்டட் முறியும். சாய்ந்த ஆறில் மேனிஃபோல்டு நட்டுக்குத் தயாரிப்பாளர் சொன்ன டார்க் 10 அடி-பவுண்டு மட்டுமே, அதாவது சுமார் 13.5 நியூட்டன் மீட்டர். ஸ்பேனரைப் பாதிக் கையால் இழுத்தாலே தாண்டிவிடும் அளவு. நீளும்போது சறுக்க இடம் தருவதற்காகத்தான் அதில் கிண்ணம் போல் குவிந்த வாஷர் வைத்திருக்கிறார்கள். பொருத்தும்போது இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் சேர்க்கும் மூன்று போல்ட்டைத் தளர்வாக விட்டு, இரண்டின் முகமும் ஹெட்டில் தானாக உட்கார்ந்த பிறகுதான் முடுக்க வேண்டும். அதைவிட்டு மேஜை மேல் வைத்து இறுக்கிக் கொண்டு வந்து ஏற்றினால், அன்றைக்கே ஒரு ஓரம் ஏர் எடுக்கும், அதாவது இடுக்கு வழியே வெளிக்காற்றை இழுக்கும். எந்த மேக்கானாலும் முடுக்குவது நடுவிலிருந்து இருபுறமும் ஓரத்தை நோக்கி. நேரான பட்டை ஒன்றை எல்லாப் போர்ட் முகங்களின் மேலும் வைத்துப் பார்த்து, எங்காவது 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் (இடைவெளி அளக்கும் தகடு) நுழைந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்டி ஒன்றாக ஃபேஸ் போட வேண்டும், அதாவது முகத்தைச் சீவி மட்டமாக்க வேண்டும். தடிமனான கேஸ்கெட் வைத்துச் சமாளிப்பது ஒரு மாதம் தாங்கும்.

ஏர் எடுக்கிறதா என்று பார்க்கக் கார்புரேட்டர் கிளீனரை அடிக்கிற பழக்கம் உண்டு. அடியிலேயே எக்ஸாஸ்ட் கொதித்துக் கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டு அடிப்பார்கள். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்து, இரும்பு சூடேறுவதற்குள் இன்டேக் ஓரங்களில் தண்ணீரைப் பூவாகத் தெளித்தால் போதும். ஐடிலிங் மாறினால் ஓட்டை அங்கே.

மேனிஃபோல்டின் நடுவில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ஒற்றைக் கார்புரேட்டர் நடுவில் உட்கார்ந்து ஆறு பேருக்கும் பரிமாறுகிறது. 3-க்கும் 4-க்கும் கைக்கெட்டும் தூரம். 1-க்கும் 6-க்கும் போகிற வழியில் பெட்ரோல் துளிகள் குழாயின் தரையில் விழுந்துவிடும். அதை ஆவியாக்கத்தான் கார்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் சூடு படும் அறையும், சூட்டைத் திருப்பிவிடும் சுருள்வில் வைத்த வால்வும். துருப்பிடித்து இந்த வால்வு திறந்தே நின்றுவிட்டால் காலையில் வெகுநேரம் திணறும். சோக்கை இழுத்தே ஓட்ட வேண்டியிருக்கும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். மூடியே நின்றுவிட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கும், பிக்கப் போகும், மேனிஃபோல்டின் நடு வயிறு வெடிக்கும். சோதனை எளிது. இன்ஜின் ஆறியிருக்கும்போது வால்வின் எதிர் எடையை விரலால் தள்ளினால் அசைந்து, விட்டதும் வில் இழுத்துத் திரும்ப வேண்டும். அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஷாஃப்டின் முனையை மெதுவாகத் தட்டி இளக்க வேண்டும், பிறகு கிராஃபைட். கிரீஸ் வேண்டாம், கருகிக் கெட்டியாகிவிடும். அழகுக்காக வார்ப்பிரும்பு எக்ஸாஸ்டுக்குப் பதில் குழாய் ஹெடர் மாட்டுபவர்கள் இந்தச் சூட்டறையையே எடுத்துவிட்டு, பிறகு கார்புரேட்டர் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். ஹெடர் வேண்டுமென்றால் இன்டேக்கின் அடியில் ரேடியேட்டர் வெந்நீர் ஓடும் தட்டு ஒன்றையும் சேர்த்துப் போட வேண்டும்.

டேப்பெட் செட்டிங்கை, அதாவது வால்வுகளின் இடைவெளி சரிசெய்வதை, பன்னிரண்டு தடவை இன்ஜினைச் சுற்றிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டே நிலை போதும். முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் மேலே வந்து நிற்கும்போது 1-ன் இரண்டு வால்வு, 2, 4-ன் இன்டேக், 3, 5-ன் எக்ஸாஸ்ட் ஆக ஆறு வால்வையும் பார்க்கலாம். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் 6 மேலே நிற்கும். அப்போது 6-ன் இரண்டு, 2, 4-ன் எக்ஸாஸ்ட், 3, 5-ன் இன்டேக். 1-5-3-6-2-4 வரிசை உள்ள எந்த இன்ஜினுக்கும் இது பொருந்தும். ஒரு சிலிண்டரை மட்டும் பார்க்க வேண்டுமானால் ஜோடியை நினைவில் வையுங்கள். 5-ன் இரு வால்வும் ஒருசேர அசையும் நேரத்தில் 2-ன் இரு வால்வும் மூடியிருக்கும். சாய்ந்த ஆறில் ஹைட்ராலிக் டேப்பெட் வருவதற்கு முந்தைய இன்ஜின்களுக்குச் சூடாக இருக்கையில் இன்டேக் 10 தௌ, எக்ஸாஸ்ட் 20 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டக்டக் சத்தம் பிடிக்கவில்லை என்று எக்ஸாஸ்டைக் குறைத்து வைத்தால் வால்வு தன் சூட்டை சீட்டுக்குக் கொடுக்க நேரமில்லாமல் ஓரம் எரிந்துவிடும். சத்தம் போடும் டேப்பெட் இன்ஜினைக் கெடுப்பதில்லை, சத்தமே போடாததுதான் சந்தேகத்துக்குரியது. மூடியைத் திறந்த கையோடு, ஐடிலிங்கில் கடைசி ராக்கர் வரை ஆயில் வந்து சேர்கிறதா என்றும் பாருங்கள். ஷாஃப்டின் துளைகள் கசடால் அடைபடுவது ஓரங்களில்தான்.

பாயிண்ட் (திறந்து மூடிப் பிளக்குக்குப் பொறி தரும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு நுணுக்கம். உராயும் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்னால் போகும். ஆகவே பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு. தலைகீழாகச் செய்தால் இரண்டாவது வேலை வீண்.

டைமிங் பார்க்கும் குறியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஆறு சிலிண்டரின் கிராங்க் நீளமானது. ஒவ்வொரு வெடிப்புக்கும் அது முறுக்கிக்கொண்டு விடும். அந்த முறுக்கை விழுங்கத்தான் முன்பக்கத்து டேம்பர். நடுக்குமிழுக்கும் வெளிவளையத்துக்கும் இடையே இருக்கும் ரப்பர் நாளானால் கெட்டியாகி வளையம் நழுவும். குறி வளையத்தில் இருந்தால் டைமிங் லைட் பொய் சொல்லும். குமிழிலிருந்து வளையம் வரை ஒரு கோடு கிழித்துவிட்டு சில நாள் ஓட்டிப் பாருங்கள், கோடு முறிந்திருந்தால் டேம்பரை மாற்ற வேண்டியதுதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் புல்லி போடுவது கிராங்கை உடைக்கும் வேலை. பிஸ்டனின் உண்மையான உச்ச நிலையைக் கண்டுபிடிக்க, 1-ன் பிளக் துளையில் தடுப்பு ஒன்றைத் திருகி, கையால் இருபக்கமும் சுற்றிப் பிஸ்டன் முட்டும் இரண்டு இடத்தையும் குறித்தால் நடுப்புள்ளிதான் அது. ஷெவர்லே 216, 235-ல் இந்தத் தொல்லை இல்லை. அதில் குறி ஃபிளைவீலில் பதித்த சிறு எஃகுக் குண்டு, அது நகராது.

அந்த 216 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1937 முதல் 1953 வரை வந்த இந்த இன்ஜினில் கனெக்டிங் ராடுகளுக்கு பம்ப் அழுத்தத்தில் ஆயில் போகாது. ராடின் அடியில் இருக்கும் சிறு அகப்பை, சம்பில் (இன்ஜினின் அடி ஆயில் கலத்தில்) உள்ள தொட்டியிலும் அதை நோக்கிப் பீய்ச்சும் ஆயிலிலும் முகந்து கொள்ளும். பேரிங்கும் ராடிலேயே வார்த்த பேபிட் என்ற மென்மையான உலோகம். கேஜில் 14 பி.எஸ்.ஐ. காட்டினாலே அது ஆரோக்கியம். புது வண்டிக் கணக்கில் 40 எதிர்பார்த்து பம்பை மாற்றுவது வீண்செலவு. வெகுகாலம் திறக்காத 216-ல் இன்றைய டிடர்ஜென்ட் ஆயிலை ஊற்றினால், அடியில் படிந்த கசடு கரைந்து பீய்ச்சும் துளைகளை அடைக்கும். முதலில் சம்பைக் கழற்றி வழித்துக் கழுவ வேண்டும். 235 வெளியே அதே முகம்தான், ஆனால் 1954 முதல் எல்லா 235-க்கும் ராடு வரை அழுத்த ஆயில் உண்டு. இரண்டையும் ஒரே மாதிரி ஓட்டக் கூடாது.

கடைசிச் சிலிண்டர் மட்டும் அடிக்கடி கெட்டால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். பம்ப் முன்னால், 6 பின்னால். துருவும் மணலும் பிளாக்கின் பின்மூலையில்தான் போய்ச் சேரும். பக்கவாட்டு வால்வு வைத்த பழைய பிளைமவுத், டாட்ஜ் ஆறுகளில் பம்புக்குப் பின்னால் பிளாக்கின் நீளத்துக்கும் ஒரு தகரக் குழாய் ஓடும். எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நேராக அதில் துளைகள். அது அரித்து நொறுங்கினால் முன் சிலிண்டர்கள் குளிர்ந்திருக்க, பின் வால்வுகள் எரியும். சூட்டு கேஜோ ஒன்றும் காட்டாது. ரேடியேட்டரையும் பம்பையும் கழற்றி முன்பக்கமாக உருவி, புதிதைப் போடலாம். வால்வு வேலைக்கு முன்பே செய்ய வேண்டியது இது.

வேகம் போதவில்லை என்பதுதான் வி-8 ஏற்றுபவர்கள் சொல்லும் காரணம். பழைய லாரிகளின் பின் ஆக்சில் 4.11 அல்லது அதற்கும் கூடுதலான விகிதத்தில் இருக்கும், அதாவது டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் அத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும். 30 அங்குல டயரோடு மணிக்கு 60 மைல் போனால் இன்ஜின் 2,750 சுற்றைத் தாண்டும். 235-ன் ஸ்ட்ரோக் 100 மில்லிமீட்டர் என்பதால் அந்தச் சுற்றில் பிஸ்டன் வினாடிக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஓடுகிறது. சுமை இழுக்கப் போட்ட ஆக்சிலை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் விரட்டினால் எந்த இன்ஜினும் கத்தத்தான் செய்யும். ஆக்சிலை 3.55-க்கு மாற்றினால் அதே வேகத்தில் சுற்று 2,400-க்கு அருகில் இறங்கும். தாழ்ந்த சுற்றிலேயே இழுவை தரும் இன்ஜின் என்பதால் அது தாராளமாக இழுக்கும். வி-8 ஏற்றினால் நீளம் குறையும், அகலம் கூடும். எக்ஸாஸ்ட் போய் ஸ்டியரிங் பாக்ஸில் முட்டும், ரேடியேட்டர், கியர்பாக்ஸ், பிரேக் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டி வரும்.

கட்டுரையின் அந்த ஒரு வரியைத் திருத்தி, டேப்பெட் வரிசையையாவது அடுத்த வாரப் பகுதியில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்