குண்டின் எடையா, நீளமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றபின், எங்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளும் இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எனவே இக்கட்டுரை காலத்தே வந்தது. ஆனால், குழலின் முறுக்கை, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளின் திருகலைப் பற்றிய பத்தியில் இரண்டு பிழைகள் நேர்ந்துள்ளன.

முதற்பிழை சிறியது. குழலின் உட்சுவரில் திருகாணி மரைபோல் வெட்டிய வரிகளின் வழியே குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடிக்க எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதைத்தான் 1:12, 1:7 என்று குறிக்கிறார்கள். ஆகவே 7 இறுக்கமான முறுக்கு, 12 தளர்ந்த முறுக்கு. கட்டுரையில் இது தலைகீழாக அச்சாகியிருந்தது.

இரண்டாவதுதான் என்னை எழுத வைத்தது. கனமான குண்டுக்கு இறுக்கமான முறுக்கு வேண்டும் என்று கட்டுரையாளர் விதியாகவே எழுதிவிட்டார். தோட்டாப் பெட்டியின்மேல் குண்டின் எடையைத்தான் கிரெய்ன் என்னும் சிறிய எடை அலகில் அச்சிடுகிறார்கள், நீளத்தை அச்சிடுவதில்லை என்பதால் இப்படிப் பேசும் வழக்கம் ஏற்பட்டிருக்க வேண்டும். உண்மையில் முறுக்கைத் தீர்மானிப்பது நீளம். பறக்கும் குண்டின்மீது காற்றின் விசை அதன் எடைமையத்தில் விழாமல் சற்று முன்னால், மூக்குப் பக்கமாக விழுந்து, குண்டைப் புரட்டிவிடப் பார்க்கிறது. சுழற்சிதான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. குண்டு நீளமாக நீளமாகப் புரட்டும் விசையின் பிடியும் வலுக்கிறது. குட்டைப் பம்பரம் சுமாரான வேகத்திலும் நின்று உறங்கும், நெட்டைப் பம்பரத்துக்குச் சாட்டையை இறுக்கிச் சுற்றி இழுக்க வேண்டும் என்பதை எங்கள் ஊர்ச் சிறுவர்கள் அறிவார்கள். வளரியைச் சுழற்றி வீசிய சிவகங்கைச் சீமைக்குச் சுழற்சியின் அருமையை நான் சொல்லவேண்டியதில்லை.

இங்கிலாந்தின் வுல்விச்சில் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் 1879இல் ஓர் எளிய வாய்பாட்டைத் தந்தார். ஈயம் நிறைத்த குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி (வர்க்கம்), அதை 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் (அளவுகள் அங்குலத்தில்) தேவையான முறுக்கு அங்குலத்தில் கிடைக்கும். வேகம் நொடிக்கு 2,800 அடியைத் தாண்டினால் 150க்குப் பதிலாக 180 என்று கொள்வது பின்னாளைய வழக்கம். உலோகத்தின் அடர்த்திக்கு ஒரு திருத்தம் உண்டே தவிர, எடை இந்த வாய்பாட்டில் எங்கும் இல்லை. 0.224 அங்குல விட்டமுள்ள 55 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ முக்கால் அங்குல நீளமுடையது. அது விரைந்து செல்வதால் 180ஐக் கொண்டு கணக்கிட்டால் 12 வருகிறது. அதே விட்டத்தில் 77 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ 1 அங்குலம். அதன் வேகம் குறைவு என்பதால் 150ஐக் கொண்டால் ஏழரை.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் 1:12 குழலில் 77 கிரெய்ன் குண்டைச் சுட்டுப் பார்த்து, இலக்கு அட்டையின் படத்தை எனக்கு அனுப்பினான். துளைகள் வட்டமாக இல்லை. குண்டு பக்கவாட்டில் சாய்ந்து புகுந்ததால் சாவித் துவாரம்போல் நீண்டிருந்தன.

இங்கே எடையும் நீளமும் சேர்ந்தே கூடியதால், எடையே காரணம் என்று ஒருவர் வாதிடலாம். அதற்கு அமெரிக்க இராணுவத்தின் எம்16 துப்பாக்கியின் வரலாறே விடை சொல்லும். தொடக்கத்தில் 1:14 ஆக இருந்த அதன் முறுக்கு, கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் குண்டு நிலைகொள்ளாததால் 1:12 ஆயிற்று. பின்னர் 62 கிரெய்ன் குண்டு வந்தபோது அதற்கு 1:9 போதுமானதாகவே இருந்தது. ஆனால் அதனுடன் சேர்த்துச் சுட வேண்டிய டிரேசர் குண்டு (செல்லும் வழி கண்ணுக்குத் தெரியும்படி எரிந்துகொண்டே பறப்பது), வாலில் எரிமருந்து அடைத்ததால் எடையில் 2 கிரெய்ன் அளவே கூடியிருந்தாலும் நீளத்தில் வெகுவாகக் கூடியிருந்தது. எம்16இன் பிந்தைய வடிவமான எம்16ஏ2 ரகத்துக்கு 1:7 முறுக்கு வந்தது அந்த நீளத்துக்காகத்தான். ஈயமில்லாத செப்புக் குண்டுகளின் கதையும் இதுவே: செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடைக்குக் குண்டு நீண்டுவிடுகிறது.

அப்படியானால் எல்லாக் குழலையும் இறுக்கமாகவே முறுக்கிவிடலாமே என்றால், நொடிக்கு 3,200 அடி வேகத்தில் 1:7 குழல் குண்டை நிமிடத்துக்கு 3,00,000 சுற்றுக்குமேல் சுழற்றுகிறது. மெல்லிய உறையுள்ள இலகுவான குண்டு அதைத் தாங்காமல் வழியிலேயே சிதறிப்போவதுண்டு.

புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு இதனால் சங்கடம் ஏதுமில்லை. காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிளின் இடை சிறுத்த சிறு குண்டான பெல்லட், இறகுப்பந்தைப் போலப் பெரும்பாலும் காற்றின் இழுப்பாலேயே நேராகச் செல்லும். 50 மீட்டர் போட்டிக்குரிய 22 ரகத் துப்பாக்கியில் 40 கிரெய்ன் குண்டும் 1:16 முறுக்கும் பொருந்தியே வருகின்றன.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இத்திருத்தங்களை வெளியிடுவதோடு, 1:12 என்று மட்டும் எழுதாமல் ‘12 அங்குலத்துக்கு ஒரு சுற்று’ என்று விரித்து அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தேவகோட்டை.